ஏழு பேரு, அஞ்சு தீவு, ஒரு துண்டுச்சீட்டு

நம்ம ஊர் ப்ளஸ் டூ மாதிரி அயர்லாந்துல லீவிங் சர்ட்னு ஒரு பரீட்சை. அது முடிஞ்ச கையோட பசங்களும் பொண்ணுங்களும் கூட்டம் கூட்டமா மத்தியதரைக் கடல் பக்கம் பறந்துடுவாங்க. கிரீட்ல மாலியா, ஜாக்கிந்தோஸ்ல லகனாஸ், மயோர்காவுல மகலுஃப், சைப்ரஸ்ல அயியா நாப்பா. நமக்கு ஊட்டி, கொடைக்கானல் எப்படியோ, இங்க இருக்கறவங்களுக்கு இந்தப் பேரெல்லாம் அப்படி. ஜூன் மாசத்துலயும் ஜாக்கெட் போடற ஊர்ல வெயிலுக்கு இருக்கற மவுசு தனி.

டப்ளின்ல வணிகவியல் படிக்கற எங்க செட்டுக்கு இது கடைசி வருஷம். மே மாசம் பரீட்சை முடியுது. ஜூன் முதல் வாரம் ஏழு பேரும் சேர்ந்து ஏதாவது ஒரு தீவு, அஞ்சு ராத்திரி, ஆட்டம் பாட்டம்னு முடிவாச்சு. எந்தத் தீவுன்னு மட்டும் ஒரு மாசமா முடிவாகல. மேல சொன்ன நாலோட இபிசாவும் சேர்ந்து மொத்தம் அஞ்சு. முதல் ஓட்டெடுப்புல இபிசாவுக்கு நாலு ஓட்டு. ஜனநாயகம் வாழ்க, டிக்கெட் போடுங்கடான்னு ஒருத்தன் கார்டையே எடுத்துட்டான்.

கொஞ்சம் பொறுங்கடான்னு சொன்னது நான்தான். மூணு வருஷம் காஸ்ட் அக்கவுண்டிங் படிச்சதுல என் மண்டையில ஏறின விஷயம் ஒண்ணே ஒண்ணு: விலைச்சீட்டுல போட்டிருக்கற தொகை முழுச் செலவு ஆகாது. மீதியை யாரோ ஒருத்தர் கட்டறாங்க. அது யாருன்னு தேடு. சரி, ஒவ்வொரு தீவா தேடிப் பார்ப்போம்னு உட்கார்ந்தேன்.

இபிசா

பேரைக் கேட்டாலே பாதிப் பேருக்குக் கால் ஆடும். சும்மா இல்லைங்க, சரித்திரம் அப்படி. பாச்சா கிளப் அங்க 1973லயே வந்தாச்சு. அம்னீசியா 1976ல. அர்ஜென்டினாவுலேர்ந்து வந்து சேர்ந்த ஆல்ஃப்ரெடோங்கற டிஜே அம்னீசியாவுல ராக், பாப், ஹவுஸ்னு கையில கிடைச்ச எல்லாத்தையும் ஒண்ணா கலந்து அடிச்சுக்கிட்டு இருந்தார். 1987 கோடையில பால் ஓக்கன்ஃபோல்ட், டேனி ராம்ப்ளிங், நிக்கி ஹாலோவே, ஜானி வாக்கர்னு நாலு இங்கிலாந்து டிஜேக்கள் அதைக் கேட்டு மயங்கி ஊருக்குத் திரும்பினாங்க. அடுத்த வருஷமே அந்தப் பைத்தியம் பிரிட்டன் முழுக்கப் பரவிடுச்சு. இன்னிக்கு உலகத்துல எங்க ஹவுஸ் மியூசிக் ஓடினாலும் அதுல அந்தச் சின்னத் தீவோட உப்பு கொஞ்சம் கலந்திருக்கும்.

விலைக்கு வருவோம். பெரிய பேரு உள்ள டிஜே வர்ற ராத்திரின்னா உள்ள போகறதுக்கே 50 யூரோவுக்குக் குறையாது. உள்ள போனா தண்ணி பாட்டிலுக்கே சொத்து எழுதி வைக்கணும். ஆனா நான் தேடினது வேற செலவு. தீவுல வாடகை ஏறி ஏறி, ஹோட்டல்லயும் பார்லயும் வேலை பார்க்க வர்றவங்க வேன்லயும் கூடாரத்துலயும் தங்கறாங்க. ஆசிரியர்கள், நர்சுங்க எல்லாம் வீடு கிடைக்காம திண்டாடறாங்க. கார் நெரிசல் தாங்காம 2025லேர்ந்து கோடை மாசங்கள்ல தீவுக்குள்ள வர்ற வண்டிகளுக்கு உச்சவரம்பு போட்டிருக்காங்க. நமக்கு கிளாஸ்ல ஊத்திக் கொடுக்கற ஆளு ராத்திரி எங்க தூங்கறான்ங்கறது எந்த புக்கிங் பக்கத்துலயும் வராது.

மகலுஃப்

இதுவும் ஸ்பெயினோட பலேரிக் தீவுகள்தான். மலிவு. மலிவோட விளைவு என்னன்னா, அரசாங்கமே சட்டம் போட்டு அடக்க வேண்டிய நிலைமை. 2020 ஜனவரியில ஒரு ஆணை வந்தது. மகலுஃப், பால்மா கடற்கரை, இபிசாவுல சான்ட் அந்தோனி ஆகிய இடங்கள்ல கும்பலா பார் பாரா கூட்டிட்டுப் போற "பப் கிரால்" கிடையாது, ஹேப்பி ஹவர் கிடையாது. எல்லாம் சேர்த்துக் காசு கட்டற ஹோட்டல்ல ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ்தான் மது: மதிய சாப்பாட்டோட மூணு, ராத்திரி சாப்பாட்டோட மூணு. மாடி பால்கனியிலேர்ந்து நீச்சல் குளத்துல குதிக்கற "பால்கனிங்" வீரர்களை ஹோட்டல் உடனே வெளியேத்தணும். இப்படிக் குதிச்சு செத்துப்போன பசங்க வயசு நம்ம வயசுதான். 2024ல இன்னும் இறுக்கினாங்க. தெருவுல குடிச்சா அபராதம், ராத்திரி 9.30லேர்ந்து காலை 8 மணி வரைக்கும் கடையில சரக்கு விற்கக் கூடாது. அதே வருஷம் ஜூலையில பால்மா தெருவுல ஆயிரக்கணக்கான ஜனங்க இறங்கி, போதும்டா சாமி உங்க டூரிசம்னு ஊர்வலம் போனாங்க.

வீட்டுக்காரங்க கதவைச் சாத்தும்போது நாம ஜன்னல் வழியா ஏறிக் குதிக்கணுமா?

லகனாஸ்

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இங்கதான். ஜாக்கிந்தோஸ் தீவோட பார்ட்டித் தெரு லகனாஸ். தெரு முடியற இடத்துல கடற்கரை. அந்த லகனாஸ் விரிகுடாதான் மத்தியதரைக் கடல்லயே பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடற முக்கியமான இடங்கள்ல ஒண்ணு! 1999ல அதைத் தேசியக் கடல் பூங்காவா அறிவிச்சாங்க. ஒரு குழியில நூறு முட்டை வாக்குல இருக்கும். ரெண்டு மாசம் கழிச்சு குஞ்சுங்க ராத்திரியில வெளிய வந்து, எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கோ அந்தப் பக்கம் ஓடும். இயற்கையில அது கடல். இங்க அது நியான் விளக்கு போட்ட பார். சென்னைப் பசங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெசன்ட் நகர்ல ராத்திரி முழுக்க நடந்து பங்குனி ஆமை முட்டையைப் பொறுக்கிப் பத்திரப்படுத்தற மாணவர் கூட்டம் 1988லேர்ந்து இருக்கு. அந்த ஊர்லேர்ந்து வந்துட்டு இங்க போய் லைட்டு அடிக்கறதா?

எங்க கால்வேக்காரிக்கு அந்தக் கப்பல் கடற்கரையில நின்னு போட்டோ எடுக்கணும்னு ஆசை. 1980ல தரைதட்டின பனயியோடிஸ் கப்பல் கிடக்கற நவாயோ. பாறை சரியற ஆபத்து இருக்குன்னு 2023ல அங்க கரையிறங்கத் தடை போட்டாங்க. அவளும் ஓட்டை வாபஸ் வாங்கிட்டா.

மாலியா, அயியா நாப்பா

மாலியாவை நான் குறை சொல்ல மாட்டேன். பார்ட்டித் தெருவுலேர்ந்து கூப்பிடு தூரத்துல மினோவன் காலத்து அரண்மனை இடிபாடு. 2025ல யுனெஸ்கோ பட்டியல்லயும் ஏறியாச்சு. ஆனா கிரீட் பெரிய தீவு, 8,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. அந்த ஒரு தெருவை விட்டு சுத்திப் பார்க்கணும்னா காரு வேணும். எங்க ஏழு பேர்ல லைசென்ஸ் ஒருத்தன்கிட்டதான். சின்ன வயசுக்காரன் ஓட்டினா வாடகைக்கு மேல கூடுதல் கட்டணம் வேற.

அயியா நாப்பா கதை சோகமானது. சைப்ரஸ்ல ஒரு காலத்துல ஜோரா இருந்த கடற்கரை ஊரு ஃபமகுஸ்தாவோட வரோஷா. 1974ல துருக்கிப் படை வந்தப்போ ஜனங்க அப்படியே போட்டது போட்டபடி ஓடினாங்க. அதுக்கப்புறம் டூரிசம் தெற்கே நகர்ந்து, ஒரு மடாலயமும் மீன்பிடிக்காரங்களுமா இருந்த அயியா நாப்பா பெரிசாச்சு. பார்க்க ஆசைதான். ஆனா இங்கேர்ந்து விமானம் அஞ்சு மணி நேரம் வாக்குல, டிக்கெட்டும் அதுக்கேத்த மாதிரி.

துண்டுச்சீட்டு

இவ்வளவு தேடினதுல ஒரு விஷயம் உறுத்திச்சு. வெளியூர்ல கண்ணுக்குத் தெரியாத செலவு இருக்குன்னா எங்க ஏழு பேருக்குள்ள இருக்காதா? ஓட்டெடுப்புல ரெண்டு பேர் "எனக்கு எதுன்னாலும் ஓகே"ன்னு சொன்னாங்க. இந்த ஓகேவை நான் நல்லா பார்த்திருக்கேன். கையில காசு இல்லாதவன் சொல்ற ஓகே அது. டிக்கெட் போடற அன்னிக்கு "வீட்ல விடமாட்டேங்கறாங்க", "வேலையில லீவு கிடைக்கல"ன்னு கழண்டுக்குவாங்க. காசு இல்லைன்னு யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. பெரும்பான்மை ஓட்டுல தீவைத் தேர்ந்தெடுத்தா அந்தச் செலவைக் கட்டறது இவங்கதான்.

அதனால ஒரு யோசனை சொன்னேன். எல்லாரும் ஒரு துண்டுச்சீட்டுல, மொத்தமா எவ்வளவு செலவழிக்க முடியும்னு ஒரு நம்பர் மட்டும் எழுதணும். பேரு கிடையாது. சுருட்டிக் குல்லாவுல போட்டுடணும். எது ரொம்பக் குறைச்சலோ அதுதான் எல்லாருக்கும் பட்ஜெட்.

பெரிய நம்பர் 1,100. சின்ன நம்பர் 450. யாரு எழுதினதுன்னு ஒருத்தரும் கேட்கல. இன்னி வரைக்கும் எனக்கும் தெரியாது. இபிசாவுக்கு ஓட்டுப் போட்ட நாலு பேரும் ஒரு நிமிஷம் அமைதியா இருந்தாங்க. அப்புறம் கார்டை எடுத்தானே, அவனே "450க்கு எங்கடா போகலாம்?"னு கேட்டான்.

மால்டா

பட்டியல்லயே இல்லாத தீவு அது. மூணு தீவும் சேர்த்து 316 சதுர கிலோமீட்டர், அதனால கார் தேவையில்ல, பஸ்லயே சுத்தலாம். (உள்ளூர்க்காரங்களுக்கு 2022 அக்டோபர்லேர்ந்து பஸ் இலவசம். நமக்கு டிக்கெட் உண்டு, ஆசைப்படாதீங்க.) இங்கிலீஷ் ஆட்சிமொழி. ராத்திரி ஆட்டத்துக்கு செயின்ட் ஜூலியன்ஸ் பக்கத்துல பேச்சவில். நாலு தெருவுக்குள்ள அடுத்தடுத்து கிளப், நிறைய இடத்துல நுழைவு இலவசம். பகல்ல வலெட்டா கோட்டை நகரம். கோசோவுக்குக் கப்பல் 25 நிமிஷம். போகும்போது டிக்கெட் கேட்க மாட்டாங்க, திரும்பி வரும்போதுதான் வாங்குவாங்க! பசிச்சா பஸ்திட்ஸி. நம்ம பேக்கரி பப்ஸுக்கு ஒண்ணுவிட்ட தம்பி, உள்ள ரிக்கோட்டா சீஸ் இல்லைன்னா பட்டாணி. விலையும் தம்பி மாதிரி சின்னது :-)

நாங்க பார்த்த அன்னிக்குக் கணக்கு இப்படி: விமானம் 140, ஏழு பேருக்கு ஒரு வீடு தலைக்கு 160. ஆக 300. மீதி 150, அஞ்சு நாளைக்குன்னா நாளுக்கு 30. இபிசாவுல இது ஒரு ராத்திரி வாசல்லயே காலி.

மால்டாவும் புண்ணிய பூமின்னு சொல்ல வரல. ஐரோப்பிய யூனியன்லயே ஜன நெருக்கடி அதிகமான நாடு அது, அஞ்சு லட்சத்துக்கு மேல ஜனங்க. கொமினோ தீவோட நீலக் குளத்துக்குக் கூட்டம் தாங்காம 2025லேர்ந்து முன்பதிவு வெச்சுட்டாங்க. நாங்களும் பதிவு பண்ணிட்டுத்தான் போகணும். வீடு பேச்சவில்லுக்குள்ள வேண்டாம், தூங்கற தெருவுல போய் ரெண்டு மணிக்குக் கத்தக் கூடாதுன்னும் பேசி வெச்சிருக்கோம்.

கடைசியா பாஸ்போர்ட். ஏழு பேர்ல அஞ்சு பேருக்கு ஐரிஷ் பாஸ்போர்ட், சும்மா நடந்து போயிடலாம். எனக்கும் ஒரு மதுரைக்காரனுக்கும் இந்திய பாஸ்போர்ட். அயர்லாந்து ஷெங்கன்ல கிடையாது, அதனால இங்க குடியிருந்தாலும் விசா வேணும். கட்டணம் 2024 ஜூன்லேர்ந்து 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பேங்க் ஸ்டேட்மெண்ட், தங்கற இடத்துக்கு ஆதாரம் எல்லாம் தனி. முக்கியமா, எந்த நாட்டுக்குப் போறோமோ அந்த நாட்டுக்கிட்டதான் விண்ணப்பிக்கணும். தீவு மாறினா நாடு மாறும், நாடு மாறினா எல்லாம் முதல்லேர்ந்து. அதனால கலப்பு பாஸ்போர்ட் கூட்டம் எதுவா இருந்தாலும் முதல்ல தீவை முடிவு பண்ணுங்க, ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், 15 நாளாவது முன்னாடி கொடுத்தே ஆகணும்.

அந்த 90 எங்க ரெண்டு பேர் தலையிலன்னு நாங்க பேசாம இருந்தோம். நாங்களும் "ஓகே" கோஷ்டிதான் போல. கால்வேக்காரிதான் கணக்குத் தாளை இழுத்து, 180ஐ ஏழால வகுத்து, தலைக்கு 26னு எழுதினா. "இதுவும் டிரிப் செலவுதானே?"ன்னா. நாளுக்கு 30ங்கறது கிட்டத்தட்ட 25 ஆச்சு. 450க்குள்ளயே நிக்குது. யாரும் மறுத்துப் பேசல. மதுரைக்காரன் மட்டும் எழுந்து போய் எல்லாருக்கும் டீ போட்டான்.

ஆக, ஏழு பேரும் போறோம். விண்ணப்பத் தேதி செவ்வாய்க்கிழமை. அதுக்குள்ள பேங்க் ஸ்டேட்மெண்ட்டுல முத்திரை வாங்கணும், போட்டோ எடுக்கணும், முடி வெட்டணும். வரட்டுமா!