பனிக்காலத்துச் சைக்கிள் யாத்திரையில் தலையும் காலும்

குளிர் என்பது இமயமலைக்கும் உதகமண்டலத்திற்குமே உரிய பொருள் என்றும், தென்னார்க்காட்டுச் சமவெளியில் பிறந்தோர் அதனைப் பற்றிப் பேசுவது மிகை என்றும் எண்ணுவோர் நம்முள் பலர். அவ்வன்பர்கள் மார்கழித் திங்களில் ஒருநாள், விடியற்காலை ஐந்து மணிக்கு, திண்டிவனத்தினின்று செஞ்சிக்குச் செல்லும் சாலையில் சைக்கிள் ஏறிப் பார்ப்பார்களாக. வெப்பமானியை நோக்கினால் 18 அல்லது 19 பாகை செல்ஸியஸுக்குக் கீழே அது அரிதாகவே இறங்கும். ஏரி நீர் உறைவதில்லை. புல்நுனியில் பனித்துளி நிற்குமேயன்றி வெண்பனி விழுவதில்லை. ஆயினும் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன், காற்று அசையாத வேளையிலும் தனக்கென ஒரு காற்றைத் தானே உண்டாக்கிக் கொள்கிறான். அக்காற்று அவன் நெற்றியையும் காதையும் கால்விரலையும் இரண்டு மணி நேரம் விடாது தடவிச் செல்லும். அத்துடன் மூடுபனியின் ஈரமும் சேர்ந்துவிட்டால், அவன் அறிவது இமயத்தின் குளிர் அன்றாயினும் குளிரேயாகும்.

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யான் மேற்கொண்ட பிரயாணத்தில் என்னுடன் வந்தவர் என் சிற்றப்பா. அறுபத்தாறு வயதினர், பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர், பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோயுடன் உடன்படிக்கை செய்துகொண்டு வாழ்பவர். 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ நிறுவனத்தார் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றனர். அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிர நாட்டில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. செய்தியைப் படித்த சிற்றப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "உலகம் இன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டது. நான் 1975-இலேயே சைக்கிளில் போய் ஒப்புக்கொண்டு வந்துவிட்டேன்" என்றார். அன்றே மறுபடியும் சைக்கிளிலேயே செல்வதென்று முடிவும் செய்துவிட்டார்.

வைத்தியர் அவரை உட்கார வைத்து, மெல்லிய நைலான் இழை ஒன்றினால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டார். கண்ணை மூடியிருந்த சிற்றப்பா வலக்காலின் இரண்டு விரல்களைத் தொட்டபோது வாய் திறக்கவில்லை. தொட்டதே அவருக்குத் தெரியவில்லை. போகவேண்டாம் என்று வைத்தியர் சொல்லவில்லை. காலில் சிறு குறி கண்டாலும் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்று மட்டும் சொன்னார். சித்தி என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அவர் தலைக்கு என்ன கட்டிக்கொண்டாலும் சரி. காலுக்கு நீதான் பொறுப்பு" என்றார். இவ்வாறாகப் பிறர் ஒருவருடைய பத்து விரல்களுக்கு யான் ஜாமீன் ஆயினேன்.

மேனாட்டார் இக்காலத்தில் சாமான்களைப் பின்தட்டில் மலைபோல் குவிக்காமல், சிறு சிறு பைகளாகச் சைக்கிளின் சட்டத்திலும் கைப்பிடியிலும் இருக்கைக்குப் பின்னும் இறுகக் கட்டிக்கொண்டு பல நாள் செல்கின்றனர். பைக்பேக்கிங் என்பது அதன் பெயர். அம்முறையில் ஒவ்வொரு பொருளும் தன் இடத்திற்கு வாடகை கொடுத்தாக வேண்டும். எங்கள் மூட்டையைப் பார்த்த நண்பர் ஒருவர், "செஞ்சிக்குப் போகிறீர்களா, சீமைக்குப் போகிறீர்களா?" என்று நகைத்தார். அதில் பாதிக்கு மேல் தலைக்கும் காலுக்கும் உரியனவே.

தலையைப் பற்றி முதலிற் கூறிவிடுகிறேன், அது எளிது. உடம்பின் உஷ்ணத்தில் ஏறக்குறையப் பாதி தலை வழியாகவே போய்விடுகிறது என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். அமெரிக்க ராணுவத்தார் 1970-ஆம் ஆண்டளவில் வெளியிட்ட கைந்நூல் ஒன்றிலும் இக்கருத்து இடம் பெற்றது. 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வ்ரீமன், காரல் என்னும் வைத்தியர் இருவர் இதனை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, ஆதாரமற்ற நம்பிக்கை என்று காட்டினர். வளர்ந்தோர் உடற்பரப்பில் தலை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. அது இழக்கும் உஷ்ணமும் ஏறக்குறைய அவ்வளவே. உடம்பு முழுவதையும் கனத்த ஆடையால் மூடித் தலையை மட்டும் திறந்து வைத்தால், போகிற உஷ்ணமெல்லாம் அவ்வழியே போவதில் வியப்பென்ன? எனினும் ஓர் உண்மை மிஞ்சுகிறது. கை கால்களில் குளிர் பட்டவுடன் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வது போல் தலைத்தோலில் சுருங்குவதில்லை. முகமும் நெற்றியும் காதும் குளிரை மிக விரைவில் உணர்வன. காது என்பது குருத்தெலும்பின்மேல் போர்த்த மெல்லிய தோல். அதற்குக் கொழுப்பு என்னும் கம்பளி கிடையாது.

காது வழியே பனி புகுந்து சளி பிடிக்கும் என்பது நம் பாட்டிமார் கொள்கை. சளி கிருமியினால் வருவது; காதைக் கதவாகக் கொண்டு அது நுழைவதில்லை. ஆனால் காதைக் கட்டிக்கொள் என்று அவர்கள் இட்ட கட்டளை மட்டும் நல்ல கட்டளை. காரணம் தவறாயினும் காரியம் சரியாக அமைவது உலகில் அபூர்வம் அன்று.

நம் ஊர்களில் மார்கழி பிறந்தவுடன் முதியோர் அனைவரும் அணியும் மங்கி குல்லாயைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. டீக்கடைப் பலகையில் அமர்ந்திருப்போர்க்கு அதனினும் சிறந்த ஆபரணம் இல்லை. சைக்கிள் ஓட்டுவோர்க்கு அது ஆகாது. அதன் கனத்தினால் ஹெல்மெட் தலையில் அமராமல் மேலெழும்பி ஆடும்; பின்னே வரும் லாரியின் ஓசையும் காதில் தெளிவாக விழாது. நாங்கள் மெல்லிய பருத்தித் துண்டினை நெற்றியும் காதும் மூடும்படி ஒரே சுற்றாகச் சுற்றி, அதன்மேல் ஹெல்மெட்டை அணிந்துகொண்டோம். கழுத்துக்கு ஒரு மப்ளர். மேட்டில் ஏறும்போது வியர்வை அரும்புமுன் மப்ளரைத் தளர்த்துவோம். சரிவில் இறங்குமுன் மறுபடி இறுக்குவோம். வியர்வையால் நனைந்த துணி காற்றில் உலரும்போது உடம்பின் உஷ்ணத்தையும் எடுத்துக்கொண்டே உலர்கிறது. இதனை அறியாதவன் எவ்வளவு கம்பளி கட்டினும் பயனில்லை.

நிற்க, காலுக்கு வருவோம். குளிர்ந்த வேளையில் உடம்பு தன் உள்ளுறுப்புக்களைக் காக்கும் பொருட்டு முதலில் கைவிடுவது கால்விரல்களையே. அவற்றிற்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துக்கொண்டு மார்பையும் வயிற்றையும் காப்பாற்றுகிறது. ஆதலின் கால் குளிர்ந்தால் காலை மட்டும் மூடுவது போதாது. மார்பிற் காற்றுப் புகாமல் தடுக்க வேண்டும். பிரான்ஸ் தேசத்துப் பெரும் பந்தயத்தில் மலையுச்சியினின்று இறங்கும் வீரர்கள் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வது நெடுநாள் வழக்கம். யாங்களும் முந்தின நாள் பத்திரிகையை அவ்வாறே பயன்படுத்தினோம். சிற்றப்பா தம் மார்பில் தலையங்கப் பக்கமே இருக்கவேண்டும் என்று பிடிவாதம் செய்தார்.

நடப்பவன் விரல்கள் ஒவ்வோர் அடியிலும் மடங்கி நிமிர்கின்றன. சைக்கிள் மிதிப்பவன் முழங்கால் ஓயாது உழைத்தாலும் விரல்கள் உறங்கிக்கொண்டேயிருக்கும்; போதாக்குறைக்கு இக்காலத்துப் பாதரக்ஷைகளின் முன்பகுதி வலைத்துணியால் ஆனது. நாங்கள் கம்பளிக் காலுறைமேல், விரல்களை மட்டும் மூடும்படி, கழுவி உலர்த்திய அரை லிட்டர்ப் பால் கவர் ஒன்றை மாட்டிக்கொண்டோம். காற்றும் பனியீரமும் அதனைக் கடப்பதில்லை. வெயில் ஏறியவுடன் அதனைக் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் உள்ளே ஊறும் வியர்வையே ஈரமாகிவிடும். இரண்டு காலுறைகளைத் திணித்துக்கொள்வோரும் உளர். பாதரக்ஷை அதனால் இறுகுமாயின் இரத்த ஓட்டம் குன்றிக் கால் முன்னிலும் குளிரும். அரைமணிக்கொரு முறை இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு இருநூறு அடி நடப்பது எல்லாக் கம்பளியினும் மேலானது.

உறைகுளிர் இன்றியும் கால் கெடும் என்பதற்கு முதல் உலகப்போரே சாட்சி. 1914-15-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிளாண்டர்ஸ் நாட்டுப் பதுங்கு குழிகளில், உறையாத சேற்று நீரில் நாட்கணக்கில் நின்ற வீரர் ஆயிரக்கணக்கானோர் பாதம் வீங்கி உணர்விழந்தனர். நம் நாட்டுச் சிப்பாய்களும் அக்குழிகளில் இருந்தனர். உலர்ந்த காலுறையை மாற்றுவதும், இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் பாதத்தை மற்றவர் சோதிப்பதுமே பின்னர்க் கண்ட பரிகாரம். அவ்வழக்கத்தையே யாங்கள் கைக்கொண்டோம். தம் பாதத்தைத் தாமே அறியாதவருக்குப் பிறர் கண்ணே நரம்பு.

செஞ்சியை நெருங்கும்போது பொழுது புலர்ந்தது. வயல்மேல் பனி வெள்ளைத் துப்பட்டி போலக் கிடக்க, கிருஷ்ணகிரியும் ராஜகிரியும் சந்திரகிரியும் அதன்மேல் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. யாரோ பேருருவர் பாறைகளைக் கூடைகூடையாகக் கொட்டிவிட்டுப் போனாற்போன்ற குன்றுகள். ராஜாராம் என்னும் மராட்டிய மன்னரை முன்னிட்டு, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை இக்கோட்டையைச் சுற்றிக் கிடந்தது. எத்தனை மார்கழிப் பனி அப்படைவீரர் கூடாரங்களின்மேல் பெய்திருக்கும்! பனியில் நனைந்த பாறை வழுக்கும். ஆதலால் ஒன்பது மணி வெயில் வரும்வரை டீக்கடையில் இருந்து, பிறகே கோட்டைக்குள் சென்றோம். கல்யாண மகாலின் நிழலில் சிற்றப்பா அமர்ந்துவிட்டார். ராஜகிரி உச்சிக்கு அழைத்தபோது, "மேலே பிளவின்மேல் ஒரு பாலம் இருக்கிறது. 1975-இல் பார்த்தேன். அது அங்கேயேதான் இருக்கும்" என்றார். எனக்கும் மேலே செல்ல மனம் வரவில்லை.

மாலையில் ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றைக் கண்டோம். பாறை முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் கூறும் கல்வெட்டும் அங்கு உண்டு. தலைக்கும் காலுக்கும் ஒன்றும் வேண்டாதவராய் வாழ்ந்த அத்துறவியர் இடத்தில், நான்கு ஜோடிக் காலுறைகளைச் சுமந்து நின்ற எங்கள் நிலை எங்களுக்கே சிறிது நகைப்பைத் தந்தது.

அன்றிரவு சிங்கவரம் செல்லும் வழியில், தெரிந்த உழவர் ஒருவருடைய மோட்டார்க் கொட்டகையில் தங்கினோம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறைகள், வானம் தெளிந்த இரவில் அதனை வானுக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன; நள்ளிரவுக்குமேல் குளிர் தரையினின்றே எழும்பிற்று. உழவரின் தாயார் பனைமட்டையைக் கொளுத்தி, மல்லாட்டை வறுத்துக் கொடுத்தார். "ஐயா, காலை நெருப்புல காட்டுங்க, விறுவிறுப்பு போயிடும்" என்று அன்போடு சொன்னார். சிற்றப்பா காலை நீட்டினார்.

"வேண்டாம் ஆயா, அவருக்குச் சுடுவது தெரியாது" என்றேன்.

கிழவி திகைத்து நோக்கினார். சிற்றப்பா காலை இழுத்துக்கொண்டு, சற்று நேரம் நெருப்பையே பார்த்திருந்து, "உண்மைதான் ஆயா. கையை வைத்தால் சுடுகிறது, காலை வைத்தால் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறது" என்றார். கால்மரப்புள்ளோர் குளிரினால் கெடுவதைக் காட்டிலும், குளிருக்குப் பயந்து நாடும் நெருப்பினாலும் வெந்நீராலும் கெடுவதே மிகுதி என்று வைத்தியர் முன்னமே எச்சரித்திருந்தார். ஆயா ஒன்றும் பேசாமல் எழுந்து சென்று, உலர்ந்த கோணிச்சாக்கு ஒன்றில் பாதியளவு வைக்கோலைத் திணித்துக் கொண்டுவந்தார். "இதுக்குள்ள காலை விட்டுக்குங்க. சுடாது, குளிராது. நாங்க காவலுக்குப் படுத்தா இப்படித்தான்" என்றார். உலர்ந்த காலுறையுடன் அக்கோணிக்குள் காலை நீட்டி, தலைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு சிற்றப்பா விடியும்வரை நன்கு உறங்கினார். ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் உறங்குபைகளில் இறகு செய்யும் வேலையும் இதுவே; அசையாத காற்றைத் தன்னுள் அடக்கி வைப்பது.

விடிந்தபின் கைவிளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு அவர் பாதங்களை வழக்கம்போல் சோதித்தேன். வலக்காற் சுண்டுவிரலின் ஓரத்தில், மல்லாட்டைப் பருப்பளவு ஒரு சிவப்பு. தோல் கிழியவில்லை, நீர் கோக்கவில்லை. பாதரக்ஷையின் உட்தையல் பட்ட இடம். அவருக்கு வலி எள்ளளவும் இல்லை. இல்லாமையே எனக்கு அச்சம் விளைத்தது. திருவண்ணாமலைக்கு இன்னும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

"பத்து மணிவரை பார்ப்போமே" என்றார் சிற்றப்பா.

"குறி கண்டால் நிறுத்துவது என்று பேச்சு, சித்தப்பா."

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தாமே காலுறையை மாட்டிக்கொண்டு, பாதரக்ஷையின் முடிச்சைத் தளர்த்திவிட்டு, "வண்டி பார்" என்றார். குட்டியானை என்று மக்கள் அழைக்கும் சிறு சரக்கு வண்டி ஒன்று மல்லாட்டை மூட்டைகளை இறக்கிவிட்டு வெறுமையாய்த் திண்டிவனம் திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு சைக்கிள்களையும் அதில் படுக்கவைத்தோம். வழியெல்லாம் மலைகள் மறையும்வரை அவர் பின்புறமாகவே நோக்கி அமர்ந்திருந்தார்.

சித்தி வாசலிலேயே அவரை நாற்காலியில் அமர்த்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். சுண்டுவிரலின் சிவப்பு மூன்றாம் நாள் மறைந்தது. திருவண்ணாமலைப் பாதி பாக்கியிருப்பதைச் சிற்றப்பா மறக்கவில்லை. முன்பகுதி அகன்றதும், உட்தையல் இல்லாததுமான ஒரு ஜோடி பாதரக்ஷையை, கால் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில் கடைக்குச் சென்று அளந்து வாங்கியிருக்கிறார். அதனை அணிந்து வீட்டுக்கூடத்திலேயே தினம் அரைமணி நேரம் நடந்து பழகி வருகிறார். நடந்து முடிந்ததும் சித்தி கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்.