புனம் காத்தலும் பை காத்தலும்

குடும்பத்தோடு நான்கு முறை கோடைக்கானல் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஊருக்குத் திரும்பி, "ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்டினோம்" என்று சொல்லியிருக்கிறேன். இலக்கணம் கற்பிக்கிறவள் என்பதால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் மூன்று முறையும் அந்த 'ஓட்டினோம்' என்ற தன்மைப் பன்மைக்குள் நான் இல்லை. நான் பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் மலை என்றால் மலைக்கோட்டைதான். ஒரே பாறை, உச்சிப் பிள்ளையார் வரைக்கும் படிகள். அங்கே சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் ஏற முடியும். கொரோனா ஊரடங்கு முடிந்த கையோடு என் கணவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் மவுண்டன் பைக் வாங்கினார்கள். தடித்த டயர், முன் சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங், இருபத்தொரு கியர். ஞாயிறு விடியலில் காவிரிக் கரையோரமாக முக்கொம்பு வரை போய்விட்டு, பசியோடு வந்து இட்லி சாப்பிடுவார்கள். மலையில் ஓட்டச் செய்த வண்டியை எத்தனை நாள் ஆற்றங்கரையிலேயே ஓட்டுவது என்ற கேள்வி வந்தபோது, எங்கள் நான்காவது கோடைக்கானல் பயணம் முடிவாயிற்று.

அது 2024 மே மாதம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கோடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும் என்று மே 7 முதல் நடைமுறை வந்திருந்தது. அந்த இ-பாஸுக்கு விண்ணப்பித்தவள் நான். அறை பார்த்தது நான். நான்கு பேருக்கும் ஸ்வெட்டர் தேடி வெயிலில் போட்டது, புளியோதரை கிளறியது, மலைப்பாதையில் மகனுக்கு வாந்தி வருமென்று எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் எடுத்து வைத்தது, பால்காரரிடம் மூன்று நாளைக்குப் பால் வேண்டாமென்று சொன்னது எல்லாம் நான். கணவர் தம் சைக்கிளைக் காரின் பின்னால் கட்டினார். நன்றாகவே கட்டினார், குறை சொல்ல மாட்டேன். திண்டுக்கல், வத்தலகுண்டு வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர். மேலே போய்ச் சேர்ந்தபோது வீட்டு வேலை எங்களுக்கு முன்பே அங்கே வந்து காத்திருந்தது. சுற்றுலா என்பது அதே வேலையைக் குளிரில் செய்வது என்று தோழி ஒருத்தி சொல்வாள்.

கோடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. 1863இல் லெவிஞ்ச் என்ற மதுரை கலெக்டர் ஓடையை மறித்து உண்டாக்கியது. அதைச் சுற்றிவரும் சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். அதிலிருந்து பிரிகிற சாலைகள் ஏற்றம். படகுத் துறைப் பக்கம் வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். சின்னவர்களுக்கு, பெரியவர்களுக்கு, இருவர் சேர்ந்து மிதிக்க, கியர் வைத்தது என்று எல்லாம் உண்டு. கணவர் தம் வண்டியில் ஏற்றங்களைத் தேடிப் போவதென்றும், பதினொரு வயது மகனும் பதினான்கு வயது மகளும் வாடகை வண்டியில் ஏரியைச் சுற்றுவதென்றும் ஏற்பாடு. என் இடம் வழக்கம்போல ஒரு சிமென்ட் பெஞ்சு.

குறிஞ்சித் திணையை இருபது வருடங்களாகப் பாடம் நடத்துகிறேன். மலையும் மலை சார்ந்த இடமும். அங்கே பெண்ணுக்கு வேலை புனம் காத்தல். தினை முற்றும்வரை பரண் மீது உட்கார்ந்து, தட்டையைத் தட்டிக் கிளி ஓட்ட வேண்டும். ஆண் வேட்டையாடிக்கொண்டே எங்கிருந்தோ வந்து, எங்கோ போகிறான். அவன் வழி தவறி வந்தாலும் அழகு. தினை விளைந்து முடிந்ததும், அல்லது தாய்க்குச் சந்தேகம் வந்ததும், பெண்ணை வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். இதற்கு இற்செறிப்பு என்று பெயர். கடல் கடந்து போகும் பயணம் பெண்ணோடு கூடாது என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் தனியாக விதியே செய்திருக்கிறது. இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, தேர்வுக்கு முக்கியம் என்று அடிக்கோடும் இட்டிருக்கிறேன். மலை ஊரில் நான்கு பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த என்னைப் பற்றி இதில் ஏதேனும் சொல்லியிருக்கிறதா என்று நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த நான்காவது பயணத்தில், ஏரிக்குப் போகும் நாள் காலையில் மகளுக்கு மாதவிடாய் வந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லேசாகத்தான் வலிக்கிறது, நாப்கின் வைத்திருக்கிறேன், ஓட்டுகிறேன் என்றாள். நான், "வேண்டாம், நீ என்கூட இரு" என்றேன். தம்பி வாடகை சைக்கிளில் ஏறினான். அவன் அப்பா கிளம்பினார். அவர் எதுவும் கேட்கவில்லை. பெண்கள் விஷயம் என்று விலகிக்கொள்வதை மரியாதை என்று நம்புகிறவர்களில் அவரும் ஒருவர்.

மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்.

"டாக்டர் யாராவது ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாம்மா?"

"இல்ல."

"அப்ப இது யாரோட ரூல்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ரூல் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

1993இல் எனக்குப் பதின்மூன்று வயது. திருவரங்கத்தில் அம்மாமண்டபம் சாலைக்குப் பக்கத்தில் வீடு. அப்பாவின் பெரிய சைக்கிளில் சட்டத்துக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். மணிக்கு ஒரு ரூபாய்க்குக் கிடைத்த முக்கால் சைக்கிளில் சீட்டில் உட்கார்ந்து ஓட்டினேன். வயதுக்கு வந்த அன்றோடு அது நின்றது. சடங்கு முடிந்து பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் சைக்கிள் சாவியைக் கேட்டேன். "கண்ட இடத்துல அடிபட்டா நாளைக்கு யார் பதில் சொல்றது?" என்றார் அம்மா. எந்த இடம், யாருக்குப் பதில் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. சைக்கிள் சீட்டுக்கும் பெண்ணின் 'கன்னித்தன்மை'க்கும் முடிச்சுப் போட்டு அந்தக் காலத்தில் நிறையப் பேசுவார்கள் என்பது பின்னால்தான் புரிந்தது. பஸ்ஸில் போகச் சொன்னார்கள். பஸ்ஸில் யார் கை எங்கே பட்டது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், அம்மாவின் சொந்த அக்கா அப்போது சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மாவுக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் பக்கம். 1991இல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பிக்க முனைந்தார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிப் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். சிறுமிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மாவட்டத்தின் கிராமப் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று எல்லோரும் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிளைவிட ஜென்ட்ஸ் சைக்கிளே மேல் என்று சிலர் விரும்பினார்களாம், முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால். பெரியம்மா கற்றுக்கொண்டபோது அவருக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள்.

"அது பட்டிக்காடு, என்ன வேணா பண்ணலாம். இது நாலு பேர் பார்க்கிற ஊர்" என்று அம்மா சொல்வார். நாலு பேர் பார்க்கிற ஊரில் நான் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். பட்டிக்காட்டில் பெரியம்மா பின்னால் ஒரு குடம், முன்னால் ஒரு பிள்ளை என்று போய்க்கொண்டிருந்தார்.

பெரியம்மாவை நினைத்தால் எனக்குப் பெருமை. கூடவே ஒரு சந்தேகமும் உண்டு. புதுக்கோட்டைச் சைக்கிளை ஊர் ஏற்றுக்கொண்டதற்கு, அது தண்ணீர் கொண்டுவந்தது, காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோனது, பஸ்ஸுக்காக நின்ற நேரத்தை மிச்சப்படுத்தி இன்னொரு வேலைக்குக் கொடுத்தது என்பதும் ஒரு காரணம் இல்லையா? அரசின் விலையில்லா சைக்கிள் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னர் மற்றவர்களுக்கும் விரிந்தது. அது எத்தனையோ பெண்களைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுவந்து சேர்த்தது. என் வகுப்பில் ஒருமுறை கேட்டேன். பாதிக்கு மேல் அந்தச் சைக்கிளை வாங்கியவர்கள். இப்போது யார் ஓட்டுகிறீர்கள் என்றதற்கு நான்கைந்து கைகள் உயர்ந்தன. "தம்பி எடுத்துக்கிட்டான் மேடம்." "அப்பா தோட்டத்துக்குப் போறாரு மேடம்." பள்ளி முடிந்ததும் சைக்கிளுக்கான காரணமும் முடிந்துவிடுகிறது. பெண் சைக்கிள் ஓட்ட ஒரு காரியம் வேண்டும். சும்மா ஓட்ட நமக்கு இன்னும் யாரும் வழிவிடவில்லை. நாமும் கேட்கவில்லை.

மவுண்டன் பைக்கோ சும்மா ஓட்டுவதற்கென்றே பிறந்த வண்டி. 1970களில் கலிபோர்னியாவின் தமல்பாயிஸ் மலைப்பக்கத்தில் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மேலே கொண்டுபோய், மண்பாதையில் கீழே விட்டு விளையாடினார்கள். தண்ணீர் எடுக்கவோ பள்ளிக்குப் போகவோ அல்ல. அவர்களோடு ஓட்டிய வெண்டி கிராக் என்ற பெண் எடுத்த படங்கள்தான் அந்த நாட்களுக்கு இன்று முக்கியமான ஆவணம். எங்கள் வீட்டிலும் படமெடுப்பவள் நான்தான், ஆனால் பெஞ்சிலிருந்து. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் போட்டி முதன்முதலாகச் சேர்ந்தபோதே பெண்களுக்கும் இருந்தது. இத்தாலியின் பாவோலா பெட்ஸோ தங்கம் வாங்கினார். நான் அப்போது பிளஸ் ஒன். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரையில் மகளுக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தபோது இவ்வளவும் வரிசையாகத் தோன்றவில்லை. தோன்றியது ஒன்றுதான்: இற்செறிப்பைச் செய்கிற அந்தத் தாய் இப்போது நான். அம்மாவின் வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் படித்த தமிழில் நான் சொல்லியிருக்கிறேன். என் தடை போதாதென்று, தனியாக உட்கார அலுத்து மகளையும் காவலுக்குத் துணை சேர்த்துக்கொண்டேனோ என்ற நினைப்பும் வந்தது. அது அசிங்கமாக இருந்தது.

கணவர் ஒரு சுற்று முடித்துத் தண்ணீருக்காக வந்து நின்றார். பாட்டிலைக் கொடுத்துவிட்டு, "கொஞ்ச நேரம் பையைப் பார்த்துக்குங்க, நாங்க ஓட்டிட்டு வர்றோம்" என்றேன்.

"நாங்கன்னா?"

"நானும் அவளும்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

கல்யாணமாகிப் பதினேழு வருடங்கள். எனக்கு எந்தக் குழம்பில் உப்புக் கூடும் என்பதுவரை தெரிந்தவர் அவர். இது தெரியாதது அவர் குற்றம் மட்டுமில்லை, நானும் சொன்னதில்லை. தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்திருக்கும் பழக்கம் அந்தச் சைக்கிள் சாவியோடு வந்தது.

வாடகைக்காரர் என் புடவையைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு பேர் மிதிக்கிறது தரட்டுமா? பாப்பா முன்னாடி இருக்கட்டும்" என்றார். வேண்டாம் என்றேன். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். முதல் இருபதடியிலேயே ஒரு சோளக்கடை வண்டியில் போய் முட்டினேன். கடைக்கார அம்மா, "மெதுவாப் போ தாயி" என்று சோளத்தை மட்டும் சரி பார்த்துக்கொண்டார். கால் மறக்கவில்லை, பயம்தான் புதிதாக வந்திருந்தது. கியரை எங்கே மாற்றுவது என்று மகள் பக்கத்தில் வந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். லேசான ஒரு மேட்டில் மூச்சு வாங்கி இறங்கித் தள்ளினேன். அவள் எனக்காக நின்றாள். வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். "உனக்கு?" என்றாள்.

அதற்குள் கணவரிடமிருந்து மூன்று போன். மகனுடைய ஸ்வெட்டர் எந்தப் பையில், பிஸ்கட் எந்தப் பையில், எப்போது வருவீர்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பியபோது அவர் பெஞ்சில் நான்கு பைகளையும் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போர் அடிச்சுது" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றோடு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். ஊருக்குத் திரும்பியதும் நான்கு பேரின் அழுக்குத் துணியையும் நான்தான் ஊறவைத்தேன். ஆனால் அன்று இரவு பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலியால் சைக்கிளை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன.

"பெரியம்மா, கோடைக்கானல்ல சைக்கிள் ஓட்டினேன்."

"அப்படியா! எங்க போன?"

"எங்கயும் போகல. ஏரியைச் சுத்திட்டு, கிளம்பின இடத்துக்கே வந்துட்டேன்."

"என்ன வாங்கப் போன?"

"ஒண்ணும் வாங்கல பெரியம்மா. சும்மாதான்."

சற்று நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு பெரியம்மா சொன்னார்:

"இத்தனை வருஷம் ஓட்டினேன். ஒரு நாள்கூட அப்படி ஓட்டினதில்லடி."