நாள் குறித்த முடிவு

வழங்கும் மொழியில் ஒரு சொல் எந்நாளில் இறந்தது என்பதை எவரும் அறியார். கணினி நிரல்மொழியின் பழைய பதிப்பிற்கோ இறுதிநாள் முன்னரே குறிக்கப்பட்டு, உலகறியச் சொல்லப்படுகின்றது. தமிழ் பயிலும் எமக்கு இவ்வேறுபாடு வியப்பளித்தமையின், இதனைச் சிறிது ஆராயத் துணிந்தோம்.

பைத்தான் என்னும் நிரல்மொழியின் மூன்றாம் பதிப்பு 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பிற்கு 2015-ஆம் ஆண்டே முடிவென முதலிற் குறித்தனர். பலர் மாறாதிருந்தமையின், 2014-இல் அத்தவணையை 2020-ஆம் ஆண்டிற்கு நீட்டினர். அவ்வாண்டு ஏப்ரலில் வெளிவந்த 2.7.18 என்பதே அதன் இறுதி வெளியீடு.

பழையதை நீக்க வேண்டியது ஏனெனின், 'தமிழ்' என்னும் சொல்லே சான்று பகரும். அதன் நீளத்தைக் கேட்டால், யுடிஎஃப்-8 முறையில் எழுதிய சொல்லின் பைட்டுகளை எண்ணிப் பழைய பதிப்பு 15 என்னும். புதியதோ ஒருங்குறிக் குறிகளை எண்ணி 5 என்னும். இலக்கணங் கற்ற சிறுவன் மூன்றென்பான். புதியதும் நிறைவுடையதன்று, ஆயினும் உண்மைக்கு அணித்தாயிற்று.

ஆம்பூரில் எம் சிற்றப்பா கணக்கெழுதும் தோல் பதனிடும் சாலையொன்றில், கூலிக்கணக்கு பழைய பைத்தானில் எழுதப்பட்டிருந்தது. இறுதிநாள் கடந்தும் நிரல் முன்போல் ஓடியமையின் ஒருவரும் கவலையுற்றிலர். கணினி பழுதுற்றுப் புதியது வந்தபோது, அதில் மூன்றாம் பதிப்பே இருந்தது. அச்சிடுங் கட்டளைக்கு அடைப்புக்குறி இல்லையென்று நிரல் நின்றது. நின்ற இடத்தையும் காட்டிற்று. அதனைத் திருத்துதல் எளிதாயிருந்தது.

பின்னர்ப் பழைய தாளையும் புதிய தாளையும் ஒப்பிட்டபோதுதான் யாம் திடுக்கிட்டோம். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தை விட்டுவிடுவது பழைய பதிப்பின் விதி. நிரலை எழுதியவர் அதனைக் கருதிலர். ஆதலின் இருவர் கூடி விரித்து உலர்த்திய 7 கட்டுத் தோலுக்கு, ஆளொன்றுக்கு மூன்றரைக் கட்டுக்குப் பதில் 3 கட்டுக் கூலியே விழுந்திருந்தது. சிற்றப்பா பழைய பேரேடுகளை எடுத்து வைத்து மூன்றிரவு கூட்டினார்.

காலக்கெடு எம் வட்டாரத்திற்குப் புதிதன்று. 1970-களில் அரைப்பதனிட்ட தோலின் ஏற்றுமதியை இந்திய அரசு படிப்படியாகக் குறைத்தபோது, வாணியம்பாடியும் ஆம்பூரும் முழுதும் பதனிட்ட தோலுக்கும் காலணிக்கும் மாறின. ஆனால் அங்கே தடையை மீறினாற் சரக்குத் துறைமுகத்தில் நிற்கும். நிரற்பதிப்பிலோ இறுதிநாளில் ஒன்றும் நில்லாது. பூட்டு அப்படியே இருக்க, காவலன் மட்டும் போய்விடுவான். புதிதாய்க் காணப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை.

இந்நிலையில் ஆக்கியோரைக் குறை கூறுதல் பொருந்துமோ? இலவசமாய் உழைப்போர் பலர் பழையதை என்றென்றுஞ் சுமத்தல் இயலாது. நெடுநாள் முன்னரே சொல்லுதல் அவர் கடன். அதனை அவர் செய்தனர். இப்போது ஒவ்வொரு பதிப்பிற்கும் ஐந்தாண்டளவு ஆயுள் வகுத்துள்ளனர். ஆனால் அவ்வறிவிப்பு நிரல் எழுதுவோரை அடைகின்றதேயன்றி, அந்நிரலாற் கூலி பெறுவோரை அடைவதில்லை. இடையிலுள்ளோர் கடமை இங்கே தொடங்குகின்றது. கணக்கு நிரல் வைத்திருப்போர் பேரேட்டின் முதற்பக்கத்தில் பதிப்பின் பெயரையும் அதன் இறுதிநாளையும் எழுதி வைப்பாராக. அந்நாளுக்கு ஓராண்டு முன்னரே புதியதில் ஒருமுறை ஓட்டி, இரு கணக்கையும் ஒப்பிடுவாராக. அரைக்கட்டுக் கூலியும் ஒரு வீட்டின் உலைக்கு அரிசியாகும்.