கயிற்றை இழுப்பவரிடமும் கேளுங்கள்



ஒரு பொருளை வாங்கும்போது, பணம் கொடுப்பவரின் கருத்தைக் கேட்கிறோம். அதை அன்றாடம் கையாள்பவரிடம் பெரும்பாலும் கேட்பதில்லை. மதரஸா விடுமுறையில் பினாங்கிலுள்ள என் மைத்துனர் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு படகின் பாய் இதை எனக்கு உணர்த்தியது.

மைத்துனரிடம் 27 அடி நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்று உண்டு. மனைவி, பிள்ளைகளுடன் அதில் லங்காவிக்குச் சென்று வருவார். தூரம் சுமார் 60 கடல் மைல். மணிக்கு 5 மைல் சென்றாலும் 12 மணி நேரமாகும் என்பதால் இரவிலேயே புறப்பட விரும்புவார். அப்படகின் முன்பாய், அதாவது பாய்மரத்துக்கு முன்னால் விரியும் பாய், வெயிலில் தையல் இற்றுக் கிழிந்துவிட்டது.

பழைய பாய் '150 விழுக்காடு ஜெனோவா' வகையைச் சேர்ந்தது. பாய்மரத்துக்கும் அதைத் தாங்கும் முன்கம்பியின் அடிக்கும் இடையே 11 அடி. பாயின் முன்விளிம்பிலிருந்து பின்மூலைக்குச் செங்குத்தாக அளந்தால், அதைப்போல் ஒன்றரை மடங்கு, பதினாறரை அடி வரும். மலாக்கா நீரிணையில் காற்று பெரும்பாலும் மெல்லியது. ஆகையால் அதே அளவுதான் வேண்டும் என்றார் மைத்துனர். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனினும், ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' எனப்படும் சூறைக்காற்று அங்கே சுபுஹு வேளையையொட்டித் திடீரெனப் பாயும்.

பாய் தைப்பவர், "காற்று முற்றும்போது கயிற்றை இழுத்துப் பாயைச் சுருட்டுவது யார்?" என்று கேட்டார். "நான் சுக்கானில் நிற்பேன், சுருட்டுவது என் மனைவி" என்றார் மைத்துனர். "அப்படியானால் அவரையும் அழைத்து வாருங்கள்" என்றார் அவர்.

மறுநாள் அச்சகோதரி வந்து அமைதியாகச் சொன்னார்: "பலத்த காற்றில் அந்தப் பாயை முழுதும் சுருட்ட என் கைவலிமை போதவில்லை. அதனால்தான் இரவுப் பயணம் வேண்டாம் என்கிறேன்." மனைவிக்குக் கடல் பிடிக்காமல் போயிற்று என்றே இரண்டாண்டுகளாக எண்ணியிருந்த மைத்துனர் சற்று நேரம் பேசவில்லை.

அதன்பின் முடிவெடுப்பது எளிதாயிற்று. அளவு 130 விழுக்காடு. ஏறத்தாழ பதினான்கேகால் அடி. பாதி சுருட்டினாலும் பாய் பைபோல் தொங்காமல் தட்டையாக நிற்க, முன்விளிம்பில் நுரைப்பட்டை வைக்கச் சொன்னார்கள். பல அடுக்குகளை ஒட்டிச் செய்யும் துணி வடிவத்தை நன்கு காக்கும். ஆனால் ஈரமும் வெப்பமும் மிகுந்த நாட்டில் பூஞ்சை பிடித்து அடுக்குகள் பிரியலாம். எனவே டேக்ரான் போதும் என்றாயிற்று. வெயில் காப்புப் பட்டைக்குத் தடித்த துணி நீடித்து உழைக்கும்; ஆனால் அதன் கனத்தால் மெல்லிய காற்றில் பாய் துவண்டுவிடும். ஆகவே, விரைவில் மாற்ற வேண்டியிருந்தாலும் இலேசான பட்டையையே தேர்ந்தனர். பழைய பாய் இழுபட்டு நீண்டிருக்கும் என்பதால் அதை அளக்காமல், அளவுநாடாவைப் படகின் உச்சிவரை ஏற்றி அளந்தனர்.

புதிய பாயில் மெல்லிய காற்றின்போது படகு முன்பைவிட மெதுவாகத்தான் செல்கிறது. சில வேளைகளில் இயந்திரத்தையும் முடுக்குகிறார்கள். ஆனால் இப்போது இரவுப் பயணத்துக்கு அச்சகோதரி மறுப்பதில்லை.

திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயர் 'அஷ்ஷூரா'. கலந்தாலோசித்தல் என்பது பொருள். கடலில் செல்லும் கப்பல்களையும், காற்று அடங்கினால் அவை அசைவற்று நிற்பதையும் அதே அத்தியாயம் பேசுகிறது. நம் இல்லங்களிலும் பெரிய முடிவுகளுக்கு மஷூரா செய்கிறோம். அந்த முடிவின் சுமையைக் கையால் தாங்கப்போகிறவரும் அவ்விடத்தில் அமர்ந்திருக்கிறாரா என்று முதலில் பார்ப்போம்.