குறமகள் ஆக்கிய சோறு

தமிழில் மலைநடைக்கு ஒரு வழிகாட்டி நூல் உண்டு என்று சொன்னால் முதலாமாண்டு மாணவிகள் நம்புவதில்லை. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டு அது. மலைபடுகடாம் என்றும் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். செங்கண்மாத்து நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, வழுக்கும் இடத்தில் எப்படி நடப்பது, இருட்டிவிட்டால் குகையில் எப்படித் தங்குவது, எந்த ஊரில் என்ன சாப்பாடு என்று ஒன்று விடாமல் சொல்கிறான். பாதை பிரியும் இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து, பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போகச் சொல்கிறான். முன்பின் தெரியாதவர்களுக்காக யோசிக்கும் அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் வழி சொல்பவன் ஆண். கேட்கும் கூத்தர் தலைவனும் ஆண். விறலியரும் கூடவே நடக்கிறார்கள். கல்லில் மோதி மோதி நைந்த அவர்களுடைய பாதம், களைத்த நாயின் நாக்கைப் போல இருக்கிறது என்கிறது பாட்டு. தேர்வில் அது ஓர் உவமை, இரண்டு மதிப்பெண். இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். மூங்கிலரிசியைப் புளியும் மோரும் சேர்த்து, சாரலே மணக்கத் துழாவிச் சமைத்து வைத்திருக்கும் குறமகள். வீட்டுக்கு வீடு உங்களைப் போகவிடாமல் தடுத்து அந்தச் சோற்றைப் போடுவார்கள் என்று கூத்தன் உறுதி சொல்கிறான். நடந்து வந்த பெண்ணும் சமைத்து வைத்த பெண்ணும் ஒருவரோடு ஒருவர் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது மட்டும் 583 அடியில் இல்லை.

நான் வேப்பூர்க்காரி. சென்னை–திருச்சி சாலையும் கடலூர்–சேலம் சாலையும் குறுக்கிடும் ஊர். ஆட்டுச் சந்தைக்குப் பேர்போனது. எங்கள் பக்கம் மேடு என்று சொல்ல ஏரிக்கரைதான் உண்டு. மலைக்குப் போக வேண்டுமானால் மேற்கே சின்னசேலம், கள்ளக்குறிச்சி தாண்டிக் கல்வராயனுக்குப் போக வேண்டும். விருத்தாசலம் கோயிலை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு அங்கேதான் பிறக்கிறது. அந்த ஆறு புறப்படும் இடத்தை எங்கள் வகுப்பில் ஒரு பெண்கூடப் பார்த்ததில்லை.

போன தை மாதம், மலைபடுகடாம் பாடம் முடிந்ததும், மூன்று நாள் நடை, இரண்டு இரவு மலை ஊர் வீடுகளில் தங்கல் என்று திட்டமிட்டோம். பதினான்கு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். வந்தது ஒன்பது பேர். ஓர் அப்பா, "ஆம்பளப் பசங்கள கூட்டிட்டுப் போங்க மேடம், ஏட்டுல இருக்கறத எங்க பொண்ணு ஏட்டுலயே படிக்கட்டும்" என்றார். ஓர் அம்மா குரங்கணியைச் சொன்னார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்துபோனார்கள். சென்னையிலிருந்து போன குழு மகளிர் தினத்தை ஒட்டிப் புறப்பட்டது. அதில் பெரும்பாலோர் பெண்கள். புல் காய்ந்து கிடக்கும் மாதத்தில் மலை எப்படி எரியும், காற்று எந்தப் பக்கம் திரும்பும், எந்தப் பக்கம் ஓடக் கூடாது என்பதை அந்தத் தீயிலிருந்து நாம் கற்றிருக்க வேண்டும். ஊர் கற்றுக்கொண்டது, பொண்ணுங்களுக்கு எதுக்கு இந்த வேலை என்பதைத்தான். மழை முடிந்து பச்சை மாறாத தை மாதத்தைத் தேர்ந்ததையும், வனத்துறை அனுமதித் தாளையும் அந்த அம்மாவிடம் காட்டினேன். அவர் மகளை அனுப்பினார். ஏட்டைச் சொன்ன அப்பா அனுப்பவில்லை.

பெண்கள் என்னிடம் தனியாகக் கேட்ட கேள்விகள் வேறு. "தூரம் வந்துட்டா என்ன மேடம் பண்றது?" "ஒதுங்க எடம் இருக்குமா?" எந்த வழிகாட்டி நூலிலும் இதற்குப் பதில் இல்லை. ஆளுக்கு ஒரு துணிப்பை, பழைய செய்தித்தாள், போட்டதைக் கீழே கொண்டுவர இறுக மூடும் டப்பா என்று நாங்களே பட்டியல் போட்டோம்.

ஏற்பாடு செய்து கொடுத்தவர்கள் ஓர் இளைஞரை வழிகாட்டியாக அனுப்பியிருந்தார்கள். நல்ல பையன். வெள்ளிமலைப் பக்கம் பேருந்தை விட்டு இறங்கி நடந்தோம். சாமை அறுத்த கொல்லைகள், கடுக்காய் மரங்கள், மரவள்ளி. சாயங்காலம் நாங்கள் தங்கிய வீட்டில் களியும் அவரைக்காய்க் குழம்பும் கிடைத்தன. வீட்டுக்கார அக்கா எங்களைப் படுக்கவைத்துவிட்டுத்தான் சாப்பிட்டார். விடிய இரண்டு நாழிகை இருக்கும்போதே குடத்தோடு கிளம்பும் சத்தம் கேட்டு எழுந்தேன். பதினொரு பேருக்குத் தண்ணீர் என்றால் எத்தனை நடை என்று எண்ணினேன், ஆறு.

புறப்படும்போது வழிகாட்டிப் பையன் தங்கல் பணத்தை அக்காவின் வீட்டுக்காரரிடம் கொடுத்தான். அதுதான் வழக்கமாம். "சோறு போட்டதுக்கு எனக்கு எதுக்குக் காசு டீச்சரம்மா" என்று அக்கா சிரித்தார். பிறகு, கேட்காமலே, தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். கல்வராயன் 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. மலையாளி மக்கள் அவர்கள் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்க வேண்டும். "எங்கம்மா வெட்டி வேலைக்குப் போனது சோறாக்கத்தான். நூறு பேருக்கு ஆக்குமாம்." அந்தப் பேச்சுக்குப் பிறகு, வீட்டுக்காரர் முன்னிலையிலேயே, சமையலுக்கும் தண்ணீருக்கும் தனியாக ஒரு தொகையை அக்காவின் கையில் கொடுத்தோம். அவர் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. விருந்தோம்பல் என்ற சொல்லைத் திருக்குறள் தொடங்கிப் பாடம் நடத்துகிறோம். விருந்தை ஓம்புகிற கை யாருடையது என்று கேட்பதில்லை.

இரண்டாம் நாள் பையனுக்குக் காய்ச்சல். அக்காவே எங்களோடு அடுத்த ஊர் வரை வந்தார். அங்கே அவர் தங்கச்சி வீடு. கையில் ஒரு கொடுவாள், காலில் ரப்பர் செருப்பு. "கால் வைக்கற எடத்தப் பாருங்க, மலைய நின்னுட்டு அப்பறம் பாக்கலாம்" என்பதுதான் அவர் அடிக்கடி சொன்னது. யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்த்து, கேட்காமல் நின்றார். ஒதுங்கப் பாதுகாப்பான இடத்தை, பேச்சை நிறுத்தாமலே, கண்ணால் காட்டினார். ஒரு பிரிவில் தழையை ஒடித்துத் தவறான தடத்தின் குறுக்கே போட்டார். என் மாணவி ஒருத்தி என்னைப் பார்த்தாள். இரண்டாயிரம் வருடத்துப் புல்முடிச்சு எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. அவளுக்குக் குதிகாலில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்திருந்தது. பச்சிலை அரைத்து வைத்துக் கட்டும்போது, "நாய் நாக்கு மாதிரிதான் மேடம் இருக்கு" என்றாள்.

2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அகத்தியர்கூடத்துக்குப் பெண்கள் ஏறுவதைத் தடுக்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். நான் அன்று மகிழ்ந்தேன். இன்றும் மகிழ்ச்சிதான். அந்த மலையைக் கோயிலாகக் கொண்ட காணி மக்கள், பெண்கள் உட்பட, அடிவாரத்தில் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்ததையும் சேர்த்துத்தான் இப்போது நினைக்கிறேன். நமக்கு மலை போய்ப் பார்க்கும் இடம். அங்கே இருப்பவளுக்கு அது வீடு, தண்ணீர், விறகு. ஏறும் உரிமையைப் பேசும்போது அவளோடும் பேச வேண்டியிருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலைத்தடங்களை அறிவித்து, மலை ஊர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது. நல்ல தொடக்கம். அந்த இளைஞர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று நாம் விடாமல் கேட்க வேண்டும். வழி தெரிந்த பெண்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. விறகுக்கும் கடுக்காய்க்கும் தண்ணீருக்கும் தினம் நடப்பது அவர்கள்தான்.

இலக்கியத்தில் இதற்கு இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. புறநானூற்றில் விறலியாற்றுப்படை என்று ஒரு துறை இருக்கிறது. 103ஆம் பாட்டு ஔவையார் பாடியது. தோளின் ஒரு பக்கம் பதலையும் மறுபக்கம் முழவும் தொங்க, கவிழ்ந்து கிடக்கும் தன் கலத்தை நிமிர்த்துவார் யார் என்று காட்டு வழியில் உட்கார்ந்திருக்கும் விறலிக்கு, அதியமானிடம் போ, அவன் தூரத்தில் இல்லை என்று சொல்கிறார். வழி சொல்வது பெண் புலவர், கேட்பது பெண் கலைஞர். நீண்ட ஆற்றுப்படைகளை ஆண்களுக்குச் சொல்லிவிட்டு விறலிக்குச் சில வரிகளை வைத்த மரபில், அந்தச் சில வரிகளை நான் பிடித்துக்கொள்கிறேன்.

திரும்பி வந்ததும் தேர்வுக்கு உவமை எழுதும் பயிற்சியை விட்டுவிட்டு, மாணவிகள் உரைநடையில் ஒரு விறலியாற்றுப்படை எழுதினார்கள். பன்னிரண்டு பக்கம். எந்த ஓடைக்கு அப்புறம் மறைவிடம் உண்டு, எந்த மாதத்தில் போகக் கூடாது, எந்தச் செருப்பு கடிக்கும், அப்பாவிடம் என்ன சொல்லி அனுமதி வாங்கலாம், சமைத்த அக்காவின் கையில் தனியாக எவ்வளவு கொடுக்க வேண்டும். அதைக் கணினியில் தட்டச்சு செய்தவள் ஏட்டைச் சொன்ன அப்பாவின் மகள். மலைக்கு வராதவள். தட்டச்சு முடித்துக் கொடுக்கும்போது ஓரிடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கேட்டிருந்தாள்: "இந்தப் பிரிவுல எடப்பக்கமா, வலப்பக்கமா? தெளிவா இல்ல. அடுத்த தை மாசம் எனக்கு வேணும்."