ஒரு கமா செய்த கலாட்டா

9,691 ரூபாய் உதைத்தது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் வரவு செலவைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் நான்தான். 'பி.காம். படிச்சவர், கொஞ்சம் புரோகிராமும் எழுதுவார்' என்று யாரோ கிளப்பிவிட்டதன் விளைவு! கம்ப்யூட்டர் சொன்ன கையிருப்புக்கும், பொருளாளர் பெரியவரின் பெட்டியில் இருந்த பணத்துக்கும்தான் இந்த வித்தியாசம். பெட்டியில் குறைவு.

''ஏதாவது செலவு எழுத விட்டுப்போச்சா சார்?'' என்றேன். கேட்ட தொனி சரியில்லை என்பது கேட்கும்போதே எனக்குத் தெரிந்தது.

பெரியவர் பேசவில்லை. நீள நோட்டை எடுத்து, ஒவ்வொரு வரியாக பென்சிலால் டிக் அடித்துக் கூட்டிக் காட்டினார். பைசா பிசகவில்லை.

''உங்க மிஷினை இன்னொரு தரம் கேட்டுப் பாருங்க'' என்றார். அதுவரை என்னை 'நீ, வா, போ' என்றுதான் பேசுவார். அந்த 'ங்க' சுருக்கென்று குத்தியது.

ராத்திரி உட்கார்ந்து தோண்டினேன். குற்றவாளி... ஒரு கமா!

நான் உபயோகித்தது எஸ்க்யூலைட். அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்ட குட்டி டேட்டாபேஸ். இலவசம். தனி சர்வர் வேண்டாம்; மொத்தக் கணக்கும் ஒரே ஃபைலில் அடக்கம். உங்கள் செல்போனுக்குள்ளும் இருக்கிறது. ஆனால், யார் வந்தாலும் 'வாங்க, வாங்க' என்று உட்காரவைக்கும் குணம் அதற்கு. 'இந்தக் கட்டத்தில் எண் மட்டும்' என்று சொல்லிவைத்தாலும், எண்ணாக மாற்ற முடியாததை எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொள்ளும்.

மோட்டார் ரிப்பேர் 4,500, பெயின்ட் 2,200, தண்ணீர் லாரி 3,000 - மூன்றையும் கமா போட்டு அடித்திருந்தேன். கமா இருந்ததால் அவை எழுத்து. கூட்டும்போது கமா வரைக்கும் படித்துவிட்டு 4, 2, 3 என்று எடுத்துக்கொண்டது. 9,700 ரூபாய் செலவு, 9 ரூபாய்! ஆயிரத்துக்குக் கீழே இருந்த தொகைகளுக்குக் கமா இல்லை, அவை தப்பித்தன.

இதற்கு மருந்து 2021-லேயே வந்துவிட்டது. டேபிள் உருவாக்கும்போது கடைசியில் 'ஸ்ட்ரிக்ட்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், எண் கட்டத்துக்குள் இப்படி எழுத்து நுழைந்தால் அங்கேயே மறித்துவிடும். சேர்க்காதது என் தப்பு.

ஆனாலும் எனக்கு இரண்டு ஆசைகள் பாக்கி. பெரிய டேட்டாபேஸ்களில் இருப்பதுபோல் பணத்துக்கென்று ஒரு ரகம் வேண்டும். 0.1-ம் 0.2-ம் சேர்ந்தால் 0.3-தானே என்று எஸ்க்யூலைட்டைக் கேட்டுப் பாருங்கள், 'இல்லை' என்கிறது! தசமக் கணக்கில் மயிரிழை பிசகுகிறது. அதனால் ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாக வைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது, தேதிக்கு ஒரு ரகம். பிப்ரவரி 30 என்று எழுதினாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கிறது. (அன்றைக்குக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க வேண்டாமோ?)

நல்ல கணக்குப்பிள்ளை என்பவன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்பவன் இல்லை சார். 'இது சரியில்லையே' என்று வாசலிலேயே திருப்பி அனுப்புபவன்!

மறுநாள் காலை பெரியவர் வீட்டு வாசலில் நின்றேன். ''மன்னிச்சுடுங்க சார். கமா பண்ணின வேலை.''

விளக்கத்தை முழுசாகக் கேட்டார். ''இத்தனை வருஷமா நான் கமா போட்டுத்தான் எழுதறேன். என் நோட்டு ஒரு நாளும் கோவிச்சுக்கிட்டதில்லை'' என்றவர், உள்ளே திரும்பிக் குரல் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

''காபி சாப்பிடறியா?''

அப்பாடா... 'நீ'-க்குத் திரும்பிவிட்டார். கணக்கு நேரானது அப்போதுதான்.