பிள்ளை வருமுன் தயாராகும் கோப்பு



திருமணமாகிப் பல ஆண்டுகள் கடந்தும் எங்களுக்கு மழலைச் செல்வம் வாய்க்கவில்லை. ஆதரவற்ற ஒரு குழந்தையைப் பொறுப்பேற்று வளர்க்க நிய்யத் செய்துள்ளோம். மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் (காரா) இணையதளத்தில் பதிவு செய்வதற்கு முன்னரே ஆவணங்களைத் திரட்டி வருகிறோம். இத்தனை அவசரம் எதற்கு என்று கேட்போருக்காகவே இதனை எழுதுகிறோம்.

2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிமுறைகளின்படி, இரண்டு வயது வரையிலான குழந்தையைப் பெறத் தம்பதியரின் கூட்டு வயது 85ஐத் தாண்டலாகாது. நான்கு வயது வரை 90, எட்டு வயது வரை 100 என அந்த வரம்பு உயர்கிறது. பதிவு செய்யும் நாளில் உள்ள வயதே கணக்கில் கொள்ளப்படும். எங்கள் இருவரின் வயதையும் கூட்டினால் இன்று 84. ஓராண்டு கழிந்தால் 86.

மார்க்கத்திலும் இரண்டு வயது ஓர் எல்லையாகும். பாலூட்டலால் உறவு உண்டாகும் காலம் பெரும்பாலான இமாம்களின் கருத்தில் முதல் இரண்டு ஆண்டுகளே. பெண் குழந்தையாயின் கணவரின் சகோதரியும், ஆண் குழந்தையாயின் மனைவியின் சகோதரியும் பாலூட்டினால், அப்பிள்ளை வளர்ந்தபின் வீட்டில் மஹ்ரம் பற்றிய சங்கடம் எழாது. இவ்வாறு சட்டத்தின் கணக்கும் ஷரீஅத்தின் கணக்கும் ஒரே வயதில் வந்து நிற்கின்றன. எங்களுக்கு எஞ்சியிருப்பதோ சில மாதங்கள்.

பதிவு செய்த 30 நாட்களுக்குள் ஆவணங்களைப் பதிவேற்ற வேண்டும். அதன்பின் 60 நாட்களுக்குள் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து இல்ல ஆய்வை (ஹோம் ஸ்டடி) முடிக்க வேண்டும். அவ்வறிக்கை மூன்று ஆண்டுகள் செல்லும். முப்பது நாள் என்பது கேட்பதற்கு நீளமானது. தாள்களைத் தேடி அலைவோருக்குக் குறுகியது. தென்காசி 22.11.2019 அன்றுதான் தனி மாவட்டமாயிற்று. ஆகவே எங்கள் பழைய சான்றுகளில் திருநெல்வேலி மாவட்டம் என்றும் புதியவற்றில் தென்காசி மாவட்டம் என்றும் இருக்கிறது. முஹம்மது என்ற பெயர் ஆதாரில் ஒரு விதமாகவும் பான் அட்டையில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் நிக்காஹ் 2008இல் நடந்தது. ஜமாஅத் பதிவேட்டில் மட்டுமே உள்ளது. மதரஸா ஊதியத்திற்குச் சம்பளச் சீட்டு இல்லாததால், வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துள்ளோம். இருவருக்கும் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். குற்றாலத்துச் சாரல் தெறிக்கும் நாட்களில் இவற்றையெல்லாம் நெகிழி உறையிலிட்டுச் சுமந்து திரிகிறோம்.

தாயார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "புள்ளைக்கு வாப்பா பேருன்னு யாரு பேர எழுதுவிய?"

அதுவே இவ்விஷயத்தின் உயிர்நாடி. ஸைத் (ரலி) அவர்களை மக்கள் ஸைத் இப்னு முஹம்மத் என்றே அழைத்து வந்தார்கள். அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் இறங்கியபின் அவர்கள் மீண்டும் ஸைத் இப்னு ஹாரிஸா ஆனார்கள். வளர்ப்பின் அன்பை மார்க்கம் தடுக்கவில்லை. வம்சத்தை மாற்றுவதையே தடுத்தது. இளைஞர் நீதிச் சட்டமோ தத்துப் பிள்ளையைப் பெற்ற பிள்ளையாகவே கொள்கிறது. 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, இச்சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை, விரும்புவோர் தம் மார்க்கச் சட்டப்படியே நடக்கலாம் என்று தெளிவுபடுத்தியது. இதனால் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாவலராக மட்டும் இருப்போரும் நம்மில் உண்டு. எவ்வழியாயினும், ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்தபின்னரே பதிவு செய்வது நலம்.

நாங்கள் கேட்டறிந்தபின், அரசு கேட்காத இரண்டு தாள்களையும் கோப்பில் சேர்க்கிறோம். ஒன்று, பிள்ளைக்கு எழுதும் கடிதம்: நீ எங்களிடம் வந்த அமானிதம், உன் வம்சம் உன்னுடையதே என்ற உண்மை அதில் இருக்கும். மற்றொன்று வஸிய்யத். வளர்ப்புப் பிள்ளைக்கு ஷரீஅத்தில் வாரிசுரிமை இல்லை; ஆனால் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை எழுதி வைக்கலாம். எழுதாமல் கண்மூடினால் அப்பிள்ளை வெறுங்கையோடு நிற்கும்.

வளைகுடாவில் வாழும் சகோதரர்களே! நீங்கள் இந்தியக் குடிமக்களாயின் உங்களுக்கும் காராவே வாசல். அங்கீகரிக்கப்பட்ட தத்தெடுப்பு முகமை இல்லாத நாடுகளில் இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். எந்த ஆணையைக் காட்டினால் பிள்ளைக்கு விசா கிடைக்கும் என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே குர்ஆனில் மிக நீளமான வசனம் (2:282). சில நாணயங்களுக்கே எழுத்தும் சாட்சியும் வேண்டுமெனில், ஓர் உயிரைப் பொறுப்பேற்பவர் எத்துணை கவனமாக எழுதி வைக்க வேண்டும்! அநாதைகளை அரவணைக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.